அருளுக்கு வேண்டிய செவிலி
மா. கிருஷ்ணனின் நிழற்படக் கலையைப் பற்றிய ஓர் ஆய்வு

அன்பு வேறு, அருள் வேறு என்று பிரித்துக் காட்டிய மொழி தமிழ். தொடர்புடையார்மேல் செல்லும் உள்ள நெகிழ்ச்சி அன்பு. தொடர்பு கருதாமல் எல்லா உயிர்கள்மேலும் இயல்பாகச் செல்வது அருள். பரிமேலழகர் கண்ட இப்பாகுபாட்டைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். வள்ளுவரும் அன்புடைமையை இல்லறவியலிலும், அருளுடைமையைத் துறவறவியலிலும் வைத்தார். ஆயினும் இவ்விரண்டும் உறவற்றவை அல்ல. பொருள்செயல்வகை என்னும் அதிகாரத்தில், அருளை அன்புக்குப் பிறந்த பிள்ளையாகவும், பொருளை அப்பிள்ளையைப் பேணும் செவிலித் தாயாகவும் அவர் உருவகம் செய்துள்ளார். பெற்றவள் ஒருத்தி, வளர்ப்பவள் மற்றொருத்தி. பிறந்த பிள்ளையைப் பேணுவாரில்லையெனில் அது நெடுநாள் வாழாது என்பதே இவ்வுருவகத்தின் உட்பொருள்.

கலைகளுக்கும் இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். ஓர் ஓவியமோ நிழற்படமோ காண்பவர் உள்ளத்தில் எதை எழுப்புகிறது? அன்பையா, அருளையா? எழுந்த உணர்ச்சி மறுநாளும் உயிரோடு இருக்கிறதா? இயற்கையைப் பொருளாகக் கொண்ட கலையை மதிப்பிடுவோர் இவ்வினாவைத் தவிர்த்துவிட்டு மேற்செல்ல இயலாது.

நெடுஞ்சாலையில் ஒரு தாய்

2025ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள் விடியுமுன்பு, பேராக் மாநிலத்தின் கிரிக் பகுதியில், கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையைக் கடந்த யானைக் கன்று ஒன்று லாரியில் அடிபட்டு இறந்தது. கன்று லாரியின் அடியில் சிக்கிக் கிடந்தது. தாய் யானை அவ்விடத்தைவிட்டு அகலவில்லை. லாரியின்மீது தலையை வைத்து முட்டியபடியே நின்றது. இறுதியில் வனவிலங்குத் துறையினர் மயக்க மருந்து செலுத்தி அதனைக் காட்டுக்குள் கொண்டுசெல்ல வேண்டியதாயிற்று. அன்று அன்னையர் தினம்.

அக்காட்சியின் படம் நாடெங்கும் பரவியது. கண்டவர் கண் கலங்கினர். அக்கண்ணீர் பொய்யானது என்று எவரும் கூறமுடியாது. ஆனால், அது எதனால் பிறந்தது என்று எண்ணிப் பார்க்கவேண்டும். பிள்ளையை இழந்த தாய் என்பதால் அந்த யானை மனிதக் குடும்பத்தில் ஒருத்தியாயிற்று. உறவு தோன்றியவுடன் இரக்கம் தோன்றியது. அதே யானை பிறிதொரு நாள் ஒரு சிறு தோட்டக்காரரின் செம்பனைக் கன்றுகளைப் பிடுங்கிக் குருத்தைத் தின்றிருந்தால், அதே மக்கள் அதனைத் துரத்துமாறு குரல் எழுப்பியிருப்பர். தாயாகத் தோன்றும்போது இரக்கமும், யானையாகத் தோன்றும்போது வெறுப்பும் கொள்ளும் உள்ளத்தில் இருப்பது அன்பு. அருள் இன்னும் பிறக்கவில்லை, பிறந்திருந்தாலும் பேணப்படவில்லை.

யானையை யானையாகவே காட்டி, அதன்மேல் மதிப்பை உண்டாக்கும் கலை உண்டா? உண்டு. அக்கலையில் வாழ்நாள் முழுதும் ஈடுபட்ட தமிழர் ஒருவர் இருந்தார். அவரே மா. கிருஷ்ணன்.

தந்தையும் மகனும்

கிருஷ்ணன் 1912ஆம் ஆண்டு திருநெல்வேலியில் பிறந்தார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையா அவருடைய தந்தை. தமிழ் நாவல் இலக்கியத்தின் முன்னோடிகளுள் ஒருவரான மாதவையா, 1925இல் சென்னைப் பல்கலைக்கழகச் செனட் கூட்டத்தில் தமிழ்க் கல்விக்காகப் பேசி அமர்ந்ததும் அங்கேயே உயிர் துறந்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றபோது, தாவரவியல் பேராசிரியர் பைசன் அவரை மலைப் பயணங்களுக்கு உடன் அழைத்துச் சென்றார். பேராசிரியரின் துணைவியார் செடிகொடிகளை வரைவதில் வல்லவர்; அவரிடம் கிருஷ்ணன் நீர்வண்ண ஓவியத்தின் நுட்பங்களைக் கற்றார். ஒரு கண்ணுக்கு இருவகைப் பயிற்சி கிடைத்தது. இலையின் நரம்பை எண்ணும் அறிவியற் பயிற்சி ஒன்று; அதன் வளைவை வியக்கும் ஓவியப் பயிற்சி மற்றொன்று.

1942 முதல் சண்டூர் சமஸ்தானத்தில் ஆசிரியர், நீதிபதி, செயலர் எனப் பல பணிகளைச் செய்தார். சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தபின் சென்னைக்குத் திரும்பினார். அதற்குப் பின்னர் அவர் மாதச் சம்பளத்தை நாடவில்லை. எழுத்தும் படமுமே தொழிலாயின. கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950இல் தொடங்கிய இயற்கைக் குறிப்புகளை 1996இல் மறையும்வரை, 46 ஆண்டுகள், எழுதினார். 1970இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 1959 முதல் 1970 வரை இந்தியக் காட்டுயிர்கள் இருந்த நிலையை விவரிக்கும் அவரது நூலைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975இல் வெளியிட்டது.

தமிழுக்காக உயிர்விட்டவரின் மகன் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதினார் என்பது எண்ணத்தக்கது. தமிழில் அவர் எழுதியவை அளவிற் குறைந்தவை. அவற்றுள் சிறந்தவற்றைச் சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்தார். 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் பெயரில் அந்நூல் 2002இல் வெளிவந்தது. அந்நடையில் அலங்காரம் இல்லை. கண்டதைக் கண்டவாறு சொல்லும் தெளிவு உண்டு. தமிழாசிரியர் மாணவரிடம் கொடுக்கத் தயங்கவேண்டாத உரைநடை அது.

கறுப்பும் வெள்ளையும்

வண்ணப்படம் எங்கும் பரவிய காலத்திலும் கிருஷ்ணன் கறுப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தமக்கேற்ற கனத்த கருவியொன்றைத் தாமே அமைத்துக்கொண்டார். இக்காலத்து வில்லைகளைப்போல நெடுந்தொலைவிலிருந்து எளிதில் படம் பிடிக்கும் வசதி அன்று இல்லை. காட்டில் கால்நடையாகவோ பழகிய யானையின் முதுகில் அமர்ந்தோ அருகே செல்லவேண்டும்; காத்திருக்கவேண்டும்; விலங்கு விரும்பவில்லையெனில் திரும்பிவிடவேண்டும்.

அக்காத்திருப்பு படங்களில் தெரிகிறது. அவருடைய யானையும் காட்டெருதும் மானும் தாம் வாழும் இடத்தோடு தோன்றுகின்றன. புல்லின் உயரம், மரத்தின் நிழல், தரையின் ஈரம் எல்லாம் படத்தில் பங்கு பெறுகின்றன. வண்ணம் இல்லாததால் கண் பகட்டில் மயங்குவதில்லை. வடிவத்தையும் நடையையும் நாடுகிறது. யானை சீறுகிறதென்றோ, அழுகிறதென்றோ, சிரிக்கிறதென்றோ அவை சொல்வதில்லை. அது நிற்கிறது, தின்கிறது, செல்கிறது. காண்பவர் அதற்கு ஒரு கதையைச் சூட்ட முயன்றாலும் படம் இடங்கொடுப்பதில்லை.

அவருடைய கோட்டோவியங்களும் இத்தகையனவே. கட்டுரைகளுக்குத் தாமே படம் வரைந்தார். பறவையின் அலகு, கால், வால் ஆகியவை அளவு பிறழாமல் இருக்கும்; அழகுக்காக ஒரு கோடும் மிகையாக இராது. முற்றத்துச் சிட்டுக்கும் காட்டுக் களிற்றுக்கும் ஒரே மரியாதை. 1961இல் வெளிவந்த அவரது ஆங்கில நூலின் பெயரே காட்டையும் கொல்லைப்புறத்தையும் ஒருங்கே குறிப்பது.

இதனை வறட்சி என்று குறை கூறுவாரும் இருக்கலாம். உணர்ச்சி இல்லாதது கலையாகுமா என்று கேட்கலாம். இங்கே உணர்ச்சி இல்லாமலில்லை, அடக்கம் இருக்கிறது. விருந்தினர் தம் போக்கில் இருக்க இடங்கொடுத்து ஒதுங்கி நிற்கும் வீட்டாரின் பண்பு அது. தன் துயரத்தையும் மகிழ்ச்சியையும் பிற உயிரின்மேல் ஏற்றாமல் நோக்குவது அருளின் முதற்படி என்று கூறலாம்.

சங்கப் புலவர் கண்ட யானை

இப்பார்வை தமிழுக்குப் புதியதன்று. குறுந்தொகையில் பிடியின் பசி நீங்குமாறு மரப்பட்டையை உரிக்கும் களிறு ஒன்று வருகிறது. அது தலைவனின் அன்பை நினைவூட்டும் குறிப்புப் பொருள் என்று வகுப்பில் விளக்கப்படுகிறது. அவ்விளக்கம் சரியே. ஆனால், அக்குறிப்பு ஏன் நிற்கிறது? யானை உண்மையிலேயே மரப்பட்டையை உரித்துத் தின்னும் விலங்கு. புலவர் அதைக் கண்டிருந்தார், அல்லது கண்டவரிடம் கேட்டிருந்தார். காட்சி மெய்யானதால் குறிப்பும் மெய்யாயிற்று. முதற்பொருளையும் கருப்பொருளையும் அடித்தளமாக வைத்து, அதன்மேல் உரிப்பொருளை எழுப்பிய இலக்கண மரபு அது.

இன்று பள்ளி மேடைகளில் அரங்கேறும் கவிதைகளில் காட்சி போய்விட்டது. உவமை மட்டும் எஞ்சியிருக்கிறது. மயில் ஆடுகிறது, குயில் கூவுகிறது, அன்னம் நடக்கிறது. ஜொகூரில் வாழும் பிள்ளை, தான் ஒருநாளும் காணாத அன்னத்தைப் பாடுகிறது. பள்ளி வேலியில் நாள்தோறும் அமரும் மீன்கொத்தியையும், காட்டோரத்தில் இறக்கை ஒலிக்கப் பறக்கும் இருவாச்சியையும் பெயர் சொல்லி அழைக்க அறியாது. பெயர் அறியாத உயிரிடம் அருள் எங்ஙனம் தோன்றும்? கிருஷ்ணனின் படங்கள் தமிழ் வகுப்புக்கு வேண்டியவை இக்காரணம் பற்றியே. சங்கப் பாடல் தொடங்கிய இடத்துக்கு, அதாவது கண்ணுக்கு, அவை மாணவரைத் திரும்ப அழைத்துச் செல்கின்றன.

பெயரற்ற மனிதர்

இனி, மனித வாழ்க்கையை நோக்குவோம். விலங்குக்குக் காட்டிய இம்மரியாதையை நிழற்படக் கலை எப்போதும் மனிதருக்குக் காட்டியதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் விற்கப்பட்ட அஞ்சலட்டைப் படங்களில் தமிழர் பலர் காணப்படுகின்றனர். மூக்குத்தி அணிந்த பெண், பால் வெட்டும் ஆண், வரிசையாக நிறுத்தப்பட்ட தொழிலாளர். படத்தின் அடியில் இனத்தின் பெயர் உண்டு. தொழிலின் பெயர் உண்டு. ஆளின் பெயர் இல்லை. படம் எடுத்தவர் அவர்களைக் கண்டார், அறியவில்லை.

இக்குறை மிகப் பெரிய கலைஞரையும் விடவில்லை. கறுப்பு வெள்ளையிலேயே உலகப் புகழ் பெற்ற பிரேசில் நாட்டுச் செபஸ்தியாவோ சல்காடோ (1944–2025) முதலில் பொருளியல் வல்லுநர். அனைத்துலகக் காப்பி நிறுவனத்தில் பணியாற்றியவர். ஆப்பிரிக்கப் பயணங்களில் கருவி கைக்கு வந்தது, தொழில் மாறியது. சுரங்கத்திலும் தோட்டத்திலும் உழைப்போரையும், பஞ்சத்தாலும் போராலும் பெயர்ந்தோரையும் அவர் படமாக்கினார். எளியவர் படங்களில் அவர்கள் பெயர் இல்லாததை அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் 2003இல் வெளியான நூலில் கண்டித்தார். துன்பம் பொதுவாகிவிடுகிறது, துன்புறுபவர் மறைந்துவிடுகிறார் என்பது அக்கண்டனத்தின் சாரம்.

சல்காடோவின் பிற்கால வாழ்க்கையும் குறிப்பிடத்தக்கது. 1994இல் ருவாண்டாவில் நடந்த படுகொலையைக் கண்டு மனம் நொந்தவர், பெற்றோரின் பண்ணைக்குத் திரும்பினார். அங்கே காடு அழிந்து நிலம் வறண்டிருந்தது. மனைவியுடன் சேர்ந்து 1998இல் ஓர் அமைப்பை நிறுவி, அந்நிலத்தில் மரம் நட்டுக் காட்டை மீண்டும் உண்டாக்கினார். படத்தில் தொடங்கிய இரக்கம் மண்வெட்டியில் முடிந்தது.

கிருஷ்ணனிடத்திலும் ஒரு குறை கூறவேண்டும். அவருடைய காட்டில் மனிதர் குறைவு. காட்டை அதன் போக்கில் விட்டுவிடுவதே அதற்குச் செய்யும் நன்மை என்பது அவர் உறுதிப்பாடு. காட்டின் ஓரத்தில் வயல் வைத்து வாழ்பவன், இரவில் யானை வந்து போனபின் காலையில் எதைக் கொண்டு பிழைப்பான் என்னும் வினாவுக்கு அவருடைய யானைப் படங்களில் விடை இல்லை. விலங்குக்கு நீதி வழங்கும் கண், அவ்விலங்கோடு எல்லையைப் பங்கிட்டுக்கொண்ட ஏழைக்கும் நீதி வழங்கவேண்டாமா?

வேடந்தாங்கல் கற்பிப்பது

விடையை அவர் எழுத்திலேயே தேடலாம். அவர் விரும்பி எழுதிய இடங்களுள் ஒன்று செங்கற்பட்டுச் சீமையிலுள்ள வேடந்தாங்கல். அவ்வூர் ஏரியில் உள்ள மரங்களில் ஆண்டுதோறும் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் ஆயிரக்கணக்கில் கூடு கட்டுகின்றன. அவற்றை முதலில் காத்தது அரசு அன்று, ஊர் மக்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பறவைகளைச் சுடாதிருக்க அவர்கள் ஆங்கிலேயக் கலெக்டரிடம் உறுதி பெற்றனர். காரணம் எளியது. பறவைகளின் எச்சம் ஏரி நீரில் கலக்கிறது, அந்நீர் பாயும் வயல் உரம் பெறுகிறது, விளைச்சல் பெருகுகிறது. பறவையால் ஊர் வாழ்ந்தது. ஊரால் பறவை வாழ்ந்தது.

அருளை வளர்க்கும் செவிலி பொருள் என்று வள்ளுவர் கூறியதற்கு இதைவிடச் சிறந்த உரை வேண்டுமா? வேடந்தாங்கல் மக்கள் துறவிகள் அல்லர், உழவர். அவர்களுடைய அருளுக்கு வயல் சோறூட்டியது. பொருளின் ஆதரவு இல்லாத இடத்தில், படத்தைக் கண்டு பிறந்த இரக்கம் பட்டினியால் இறந்துவிடும்.

ஜொகூரின் காடு

ஜொகூரில் இவ்வுண்மை ஏட்டளவில் நிற்பதன்று. இம்மாநிலத்தின் பெருங்காடுகள் தமிழர், சீனர், ஜாவானியர் கைகளால் வெட்டப்பட்டு ரப்பர்த் தோட்டங்களாயின, பின்னர் செம்பனையாயின. வெட்டியவர் தமக்காக வெட்டவில்லை. காடு குறுகியபோது யானைகள் இடமிழந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளரும் இடமிழந்தனர். குளுவாங், கோத்தா திங்கி, மெர்சிங் வட்டாரங்களில் இன்றும் யானைகள் தோட்டங்களுக்குள் வருகின்றன. இரு தரப்பினரும் இடமிழந்தவர்கள் என்பதை எந்தப் படமும் இதுவரை முழுமையாகக் காட்டவில்லை.

எஞ்சிய காட்டின் பெருமையை எண்டாவ்–ரொம்பின் சொல்லும். 1977இல் அதன் பகாங் பகுதியில் மரம் வெட்ட உரிமம் வழங்கப்பட்டபோது நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. மரம் வெட்டுவது நிறுத்தப்பட்டது. 1985–86இல் மலாயா இயற்கைக் கழகம் அங்கே பேராய்வு ஒன்றை நடத்தியது. அக்காலத்தில் அக்காடு சுமத்திராக் காண்டாமிருகத்தின் புகலிடமாகக் கருதப்பட்டது. இன்று அவ்விலங்கு மலேசியாவில் இல்லை. கடைசியாக இருந்த 'இமான்' என்னும் பெண் காண்டாமிருகம் 2019ஆம் ஆண்டு நவம்பரில் சபாவில் இறந்தது. இனி ஜொகூர்ப் பிள்ளைகள் அதைப் படத்தில்தான் காண்பர். அருள் காலந்தாழ்ந்து வந்தால் நிழற்படம் நினைவுச் சின்னமாகிவிடும்.

ஆயினும், தோட்டத்துக்குள்ளேயே ஒரு சிறு வேடந்தாங்கல் உண்டு. செம்பனைப் பழத்தைத் தின்னும் எலிகளை ஒழிக்கப் பல தோட்டங்களில் கூகைகளுக்குப் பெட்டிக் கூடுகள் வைக்கப்பட்டிருக்கின்றன. அலறினால் சாவு வரும் என்று முன்னோர் அஞ்சிய பறவை அது. இன்று அதே பறவைக்குத் தோட்டம் வீடு கட்டித் தருகிறது. எலி குறைகிறது, நஞ்சு வைக்கும் தேவையும் குறைகிறது. பொருள் என்னும் செவிலி கூகையை ஏற்றுக்கொண்டுவிட்டாள். அதனை உற்று நோக்கிப் படம் எடுக்கவும், வரையவும், அதன் பெயரைச் சொல்லி நான்கு வரி எழுதவும் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதே எஞ்சியிருக்கும் பணி.

அப்பணி தமிழாசிரியருடையது. இயற்கையைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லுமுன், ஒரே மரத்தை ஒரு வாரம் பார்த்துவரச் சொல்லலாம். பறவையின் படத்தோடு, அதைக் கண்ட நாளையும் இடத்தையும் எழுதச் சொல்லலாம். கூட்டைப் பராமரிக்கும் தொழிலாளரைப் படமெடுத்தால், அடியில் அவர் பெயரை எழுதச் சொல்லலாம். கறுப்பு வெள்ளையானாலும் வண்ணமானாலும், விலையுயர்ந்த கருவியானாலும் கைப்பேசியானாலும் முறை ஒன்றே. கிரிக் நெடுஞ்சாலைத் தாய்க்காகச் சிந்திய கண்ணீர் அன்பின் பேறு. அது பெற்ற பிள்ளையை இனி வளர்க்கவேண்டும். அதற்கு ஒரு கையில் அறிவும் மறு கையில் உழவன் நட்டப்படாத வாழ்வும் வேண்டும்.